நான்கு வருடம் கட்டியும் அசல் குறையவில்லை: நம் நாட்டு வீட்டுக்கடன் உண்மையில் எப்படி ஓடுகிறது?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். 2021 ஆகஸ்டில் ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் 40 லட்சம் கடன் வாங்கித் திருச்சியில் ஒரு தனி வீடு வாங்கினேன். வங்கி இல்லை, ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனி. 20 வருடம், 6.9 சதவீதம், மாறும் வட்டி, மாதத் தவணை 30,772 ரூபாய். 2023 மார்ச்சில் தவணையை 33,500 ஆக்கினார்கள். ஒரு எஸ்எம்எஸ் வந்தது, அதில் காரணம் எதுவும் இல்லை.

போன வாரம் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. இதுவரை 15 லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறேன், ஆனால் அசலில் 2 லட்சம் சொச்சம்தான் குறைந்திருக்கிறது. பாக்கி 37.88 லட்சம். மீதித் தவணை 267 மாதம் என்று போட்டிருக்கிறது. 240 மாதத்துக்கு வாங்கிய கடன், நான்கு வருடம் கட்டிய பிறகு 267 மாதம் பாக்கி என்றால் இது என்ன கணக்கு?

இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனின் வட்டியை, 6.50 லிருந்து 5.50 ஆகக் குறைத்துவிட்டது. என் வட்டி 9.40 லிருந்து 9.25 ஆனதோடு சரி. வங்கியில் கடன் வைத்திருக்கும் என் மைத்துனருக்கு மட்டும் முழுதாக ஒரு சதவீதம் குறைந்திருக்கிறது. எனக்கு ஏன் இல்லை? வேறு இடத்துக்கு மாற்றலாமா, மாற்றினால் பத்திரம் பத்திரமாக வருமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள், எனக்கு அடிப்படையே புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழைய_கடன்பிரிவு

தம்பி, வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அறிக்கையில் தப்புக் கணக்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் தவணை. ஒவ்வொரு மாதமும் பாக்கி அசலுக்கு அந்த மாதத்து வட்டியை எடுத்துக்கொண்டு, தவணையில் மிஞ்சுவதைத்தான் அசலில் கழிப்பார்கள். உங்களுக்கு முதல் மாதம் 40 லட்சத்துக்கு 6.9 சதவீதத்தில் வட்டி 23,000. தவணை 30,772. ஆக 7,772 அசலுக்குப் போனது, அது நல்ல தொடக்கம்தான். அப்புறம் 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து ஏற்ற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.50 இல் நிறுத்தியது. ஒரு வருடத்துக்குள் 2.5 சதவீதம். உங்கள் வட்டி 9.40 ஆனபோது பாக்கி சுமார் 38.8 லட்சம் இருந்திருக்கும், அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 30,400 ரூபாய். உங்கள் தவணை 30,772. அசலுக்குப் போக மிஞ்சியது நானூறு ரூபாய்கூட இல்லை! அப்படியே விட்டிருந்தால் கடன் முடிய இன்னும் 47 வருடத்துக்கு மேல் பிடித்திருக்கும். அதனால்தான் தவணையை 33,500 ஆக ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஏற்றத்துக்குப் பிறகும் மாதம் மூவாயிரம் சொச்சம்தான் அசலுக்குப் போனது, மற்றதெல்லாம் வட்டி.

வட்டி ஏறும்போது நிறுவனங்கள் பொதுவாகத் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டும். சம்பளத்தில் பிடிக்கும் தொகை மாறாததால் வாடிக்கையாளருக்கு உறைக்காது, புகார் வராது, கடன் வாராக்கடனாகவும் ஆகாது. ஆனால் காலம் நீள நீள மொத்த வட்டி எங்கேயோ போய்விடும். இதைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றவா, காலத்தை நீட்டவா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று உங்களிடம் கேட்க வேண்டும், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைத் தர வேண்டும் (வங்கிகளுக்கு 2025 அக்டோபர் முதல் இது அவர்கள் விருப்பம்), தவணை வட்டிக்கே போதாமல் அசல் ஏறும் நிலைக்கு எந்தக் கடனையும் விடக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதுவரை எடுத்த வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, மீதித் தவணை எத்தனை என்று அறிக்கை தர வேண்டும். வங்கிக்கும் உங்கள் நிறுவனம் மாதிரியானவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த விதி. உங்களுக்கு அந்த அறிக்கை வருகிறதா? வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, மைத்துனருக்குக் குறைந்தது உங்களுக்கு ஏன் குறையவில்லை என்பது. இதுதான் முக்கியமானது.

வங்கிகள் வட்டியை நிர்ணயிக்கும் முறை நம் நாட்டில் பலமுறை மாறிவிட்டது. முன்பு பிஎல்ஆர், அதாவது கடன் கொடுப்பவரே அறிவிக்கும் அடிப்படைக் கடன் வட்டி. 2010 ஜூலையில் பேஸ் ரேட். 2016 ஏப்ரலில் எம்சிஎல்ஆர். இவை எல்லாமே வங்கி தன் செலவைத் தானே கணக்குப் போட்டுத் தானே அறிவிக்கும் விகிதங்கள். ரிசர்வ் வங்கி ஏற்றினால் உடனே ஏறும், குறைத்தால் ஆடி அசைந்து இறங்கும். இதற்கு முடிவு கட்டத்தான் 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் எல்லாம் வெளியில் இருக்கும் ஒரு அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்றார்கள். பெரும்பாலான வங்கிகள் ரெப்போவை எடுத்துக்கொண்டன. ரெப்போ கூட்டல் ஸ்ப்ரெட் (ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் சதவீதம்), அவ்வளவுதான் உங்கள் மைத்துனரின் வட்டி. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தியே ஆக வேண்டும். ஏறும்போதும் அவருக்கு முழுதாக ஏறியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இந்த விதி வங்கிகளுக்கு மட்டும்தான். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இல்லை. அவர்கள் இன்னமும் சொந்தமாக ஒரு பிஎல்ஆர் வைத்து, அதிலிருந்து ஒரு தள்ளுபடியைக் கழித்து உங்கள் வட்டியைச் சொல்கிறார்கள். பிஎல்ஆர் எல்லாருக்கும் ஒன்று, தள்ளுபடி ஆளுக்கு ஆள் வேறு. ரெப்போ இறங்கும்போது பிஎல்ஆரைக் கொஞ்சமாக இறக்கிவிட்டு, புதிதாக வருபவருக்கு மட்டும் தள்ளுபடியைக் கூட்டிக் கொடுத்தால் விளம்பரத்தில் குறைந்த வட்டி தெரியும், பழைய வாடிக்கையாளர் பழைய இடத்திலேயே நிற்பார். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். சாங்ஷன் லெட்டரை, அதாவது கடன் ஒப்புதல் கடிதத்தை, எடுத்துப் பாருங்கள், 6.9 என்ற எண்ணுக்கு மேலே அல்லது கீழே பிஎல்ஆர் எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் அன்று எல்லாரும் பார்ப்பது 6.9 ஐ. கடன் முழுக்க நம்மோடு வருவது அந்த இன்னொரு வரி.

அவர்கள் பக்க நியாயமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியிடம் சேமிப்புக் கணக்குப் பணம் மலிவாகக் கிடக்கிறது. நிதி நிறுவனத்துக்கு அது கிடையாது. வங்கியிடம் கடன் வாங்கி, கடன் பத்திரம் வெளியிட்டு, தேசிய வீட்டுவசதி வங்கியிடம் மறுநிதி வாங்கி, அதை நமக்குக் கடனாகக் கொடுக்கிறார்கள். அதனால் அவர்களுக்குப் பணம் கிடைக்கும் விலையே கொஞ்சம் கூடுதல். அதற்கு ஈடாக, வங்கி திருப்பி அனுப்பும் ஆட்களுக்கு, சம்பளச் சீட்டு இல்லாத கடைக்காரருக்கு, அவர்கள் கடன் தருகிறார்கள். 1977 இல் ஹெச்டிஎஃப்சி தொடங்கிய காலத்தில் வங்கிகள் வீட்டுக்கடன் பக்கம் பெரிதாக வரவே இல்லை, இந்தத் தொழிலை இங்கே வளர்த்ததே இந்த மாதிரி நிறுவனங்கள்தான். அந்த ஹெச்டிஎஃப்சியே 2023 ஜூலையில் தன் வங்கியோடு இணைந்துவிட்டது. இந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் 2019 இல் தேசிய வீட்டுவசதி வங்கியிடமிருந்து ரிசர்வ் வங்கிக்குப் போய்விட்டது.

---

மதுரைக்காரி

அண்ணா, மேலே ஐயா சொன்னதை வைத்து உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன்.

இப்போது பாக்கி 37.88 லட்சம், 9.25 சதவீதம், தவணை 33,500. அப்படியே போனால் 267 மாதம். இதே பாக்கியை ரெப்போவோடு இணைந்த வங்கிக் கடனாக 7.75 சதவீதத்துக்கு மாற்றி, தவணையை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் அதே 33,500 கட்டினால் 204 மாதத்தில் முடிகிறது. 63 மாதம் மிச்சம், அதாவது 21 லட்ச ரூபாய் அளவுக்குத் தவணை. இன்னும் ஒன்று, 34,400 கட்ட முடிந்தால் 193 மாதம்தான். நீங்கள் 2021 இல் முதலில் போட்ட கணக்குப்படி மீதி இருக்க வேண்டியதும் அதே 193 மாதம்தான்! தொள்ளாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் பழைய தேதிக்கே கடன் முடிந்துவிடும்.

நானும் இப்படி மாற்றியவள்தான், அதனால் வரிசை சொல்கிறேன். முதலில் வெளியே போகாதீர்கள், உங்கள் நிறுவனத்துக்கே எழுதுங்கள், புதிய வாடிக்கையாளருக்குத் தரும் வட்டி எனக்கும் வேண்டும் என்று. கன்வர்ஷன் என்று சொல்வார்கள், ஒரு கட்டணம் கேட்பார்கள், கட்டினால் தள்ளுபடியை மாற்றித் தருவார்கள். இதற்குப் பத்திரம் எங்கும் நகராது, புதிதாக எதுவும் பதிவு செய்ய வேண்டாம். அவர்கள் இறங்கி வந்தால் இதுவே சுலபம். ஆனால் நீங்கள் அதே பிஎல்ஆர் முறையிலேயே இருப்பீர்கள், அடுத்த முறை ரெப்போ இறங்கும்போது மறுபடி இதே மாதிரி எழுதிக் கேட்க வேண்டி வரும். எனக்கு அது பிடிக்கவில்லை, அதனால் வங்கிக்கே போனேன்.

மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது, சொந்தப் பணத்தில் அடைத்தாலும் சரி, வேறு வங்கி அடைத்தாலும் சரி. இது பல வருடமாக இருக்கும் விதி. கிளையில் வேறு மாதிரி சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். செலவு எங்கே வரும் என்றால் புதிய வங்கியின் பிராசஸிங் கட்டணம், வக்கீல் பார்வை, வீட்டு மதிப்பீடு, அப்புறம் புதிதாக எம்ஓடி (பத்திரத்தை ஈடாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மிச்சத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு ஒன்றரை சதவீத வித்தியாசம், அதுவும் இத்தனை வருடம் பாக்கி இருக்கும்போது, யோசிக்கவே வேண்டாம். கடைசி மூன்று நான்கு வருடத்தில் இருப்பவர் மாற்றினால்தான் பிரயோஜனம் இருக்காது, அவர் தவணையில் பெரும்பகுதி ஏற்கனவே அசலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

புதிய வங்கியில் வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் ஸ்ப்ரெட் எவ்வளவு என்று கேளுங்கள். கடன் காலம் முழுக்க ரெப்போ மாறிக்கொண்டே இருக்கும், ஸ்ப்ரெட்டை வங்கி நினைத்த நேரத்தில் ஏற்ற முடியாது. அதில் உங்கள் கடன் நம்பகத்தன்மைக்கான பகுதியை உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்) நிலைமை பெரிதாகக் கெட்டால் மட்டுமே கூட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. கடன் கையெழுத்தாகும் நேரத்தில் ஒரே பிரீமிய ஆயுள் காப்பீட்டைக் கடன் தொகையோடு சேர்த்து நீட்டுவார்கள், இது இல்லாமல் கடன் பாஸ் ஆகாது என்பார்கள். அப்படிக் கட்டாயப்படுத்த எந்த விதியும் இல்லை. குடும்பத்துக்குக் காப்பீடு அவசியம்தான், தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள். கடனோடு சேர்த்தால் அந்த பிரீமியத்துக்கும் 20 வருடம் வட்டி கட்டுவீர்கள்.

---

சிக்கனம்

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். மாற்றுவதற்கு ஒன்றிரண்டு மாதம் இழுக்கும், அதுவரை காத்திருக்காதீர்கள். கையில் 2 லட்சம் வைப்புத்தொகையில் கிடந்தால் இன்றே அசலில் கட்டுங்கள். உங்கள் 9.25 சதவீதத்திலேயே, தவணை மாறாமல், 2 லட்சம் கட்டினால் ஏறக்குறைய 40 மாதம் குறைகிறது. 7.75 க்கு மாறிய பிறகு கட்டினால் அதே 2 லட்சம் 21 மாதத்தைத்தான் குறைக்கும். வட்டி அதிகமாக இருக்கும்போது முன்பணத்துக்கு வலு அதிகம். கட்டும்போது காலத்தைக் குறைக்க வேண்டும், தவணையைக் குறைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் அவர்கள் பாட்டுக்குத் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே வைத்துவிடுவார்கள்.

வரிச் சலுகை போய்விடுமே என்று யாராவது சொன்னால் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் 2 லட்சம் வரை கழிவு, அசலுக்கு, மற்ற சேமிப்புகளோடு சேர்த்து, 1.5 லட்சத்துக்குள், இரண்டும் பழைய முறையில்தான். புதிய முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவுகள் இல்லை. பழைய முறையிலேயே இருந்தாலும் உங்கள் வருட வட்டி மூன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில் வருகிறது, அதில் 2 லட்சத்துக்கு மேல் உள்ளதற்கு ஒரு பைசா சலுகை கிடையாது.

---

பழைய_கடன்பிரிவு

சிக்கனம் சொல்வது கணக்குப்படி சரி, ஆனால் அந்தத் தம்பியிடம் அவசரத்துக்கு வேறு பணம் இருக்கிறதா என்று தெரியாமல் இன்றே கட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அசலில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. வட்டி ஏறியதால் வீட்டை இழந்த குடும்பங்களைவிட, வேலை போன சமயத்தில் கையில் ஆறு மாதத் தவணை இல்லாததால் தடுமாறிய குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

---

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. சாங்ஷன் லெட்டரைத் தேடி எடுத்தேன், ஐயா சொன்ன மாதிரியே பிஎல்ஆர் கழித்தல் தள்ளுபடி என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கன்வர்ஷன் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

ஐயா, ஒரு சந்தேகம். 20 வருடத்துக்கும் ஒரே வட்டி என்று ஏன் நம் ஊரில் தருவதில்லை? அமெரிக்காவில் என் நண்பன் 30 வருடத்துக்கு ஒரே வட்டி என்கிறான். அப்புறம் நீங்கள் வேலை போவதைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன், நான் ஒரு தனியார் கம்பெனியில் இருக்கிறேன், இரண்டு மூன்று தவணை விட்டுப்போனால் சட்டப்படி என்ன நடக்கும்? பத்திரம் பற்றியும் யாராவது சொல்லுங்கள், அது அவர்களிடம் இருப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

---

பத்திரஎழுத்து

பத்திரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், தினமும் பார்க்கும் வேலை இது.

நீங்கள் வீட்டை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. வீடு உங்கள் பெயரில்தான் இருக்கிறது. உரிமை ஆவணங்களை ஒப்படைத்து அதை ஈடாக வைத்திருக்கிறீர்கள், 1882 ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58 ஆம் பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. அதைக் குறித்து எழுதிப் பதிவு செய்யும் ஆவணம்தான் எம்ஓடி. பதிவானதும் வில்லங்கச் சான்றில் (ஈசி) அந்த நிறுவனத்தின் பெயர் ஏறிவிடும், அதற்குப் பிறகு வீட்டை வாங்க வரும் யாரும் ஈசி போட்டுப் பார்த்தால் கடன் இருப்பது தெரிந்துவிடும்.

மாற்றும்போது நடப்பது இது. பழைய நிறுவனத்திடம் பாக்கித் தொகைக் கடிதமும், அவர்களிடம் இருக்கும் ஆவணங்களின் பட்டியலும் வாங்க வேண்டும். பட்டியலை நீங்கள் 2021 இல் கொடுத்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம், எல்லாம். புதிய வங்கி பாக்கியை நேராகப் பழைய நிறுவனத்துக்குக் கட்டும், ஆவணங்கள் நேராகப் புதிய வங்கிக்குப் போகும். நடுவில் கொஞ்ச நாள் பணமும் போய் பத்திரமும் வராமல் இருக்கும், அதனால்தான் புதிய வங்கி அந்தச் சமயத்துக்குக் கூடுதல் உத்தரவாதம் கேட்கும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கடனை அடைத்தால் ஈசி யில் இருக்கும் பதிவு தானாகப் போகாது. நிறுவனம் ரசீது ஆவணம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்தால்தான் அந்த எம்ஓடி தீர்ந்ததாக ஈசி யில் வரும். கடனை அடைத்துவிட்டு, பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பதினைந்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்கப் போகும்போது ஈசி யில் பழைய கடன் நிற்கிறதே என்று அலைபவர்கள் நிறைய. அதற்குள் அந்தக் கிளையே வேறு ஊருக்குப் போயிருக்கும்.

பயப்பட வேண்டாம், இப்போது விதி உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல், கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவான ஈட்டையும் நீக்கித் தர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதம் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆவணத்தைத் தொலைத்துவிட்டால் நகல் எடுக்க உதவி செய்து அந்தச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும், அதற்கு இன்னொரு 30 நாள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். கடன் வாங்கியவர் இறந்துபோனால் வாரிசுகளுக்கு எப்படித் திருப்பித் தருவார்கள் என்ற நடைமுறையையும் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். அதைப் படித்து வீட்டில் மனைவிக்கும் சொல்லி வையுங்கள்.

---

பழைய_கடன்பிரிவு

நீண்ட கால நிலையான வட்டி பற்றி முதலில். நம் வங்கிகள் கடன் கொடுப்பது மக்கள் போடும் வைப்புத்தொகையை வைத்துத்தான். அந்த வைப்புகள் ஒரு வருடம், இரண்டு வருடம், மிஞ்சினால் ஐந்து வருடம். 20 வருடத்துக்கு உங்களுக்கு 7 சதவீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நடுவில் வைப்புக்கே 8 சதவீதம் தர வேண்டிய காலம் வந்தால் வங்கி நஷ்டத்தில் ஓடும். அமெரிக்காவில் கடன் கொடுத்த வங்கி அதை வைத்துக்கொண்டிருப்பதே குறைவு. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு அமைப்புகள் அந்தக் கடன்களை வாங்கி, கடன் பத்திரமாக மாற்றி, முதலீட்டாளர்களுக்கு விற்றுவிடுகின்றன. வட்டி ஏறினால் அடி அந்த முதலீட்டாளர்களுக்கு. நம் நாட்டில் அப்படி வாங்கிக்கொள்ளும் சந்தை அந்த அளவுக்கு வளரவில்லை, அதனால் வட்டி ஏறும் ஆபத்தை முழுக்க நீங்களும் நானும்தான் சுமக்கிறோம். நிலையான வட்டி என்று இங்கே விற்கப்படுவதில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று வருடத்துக்குத்தான், அப்புறம் மாறும் வட்டிக்குப் போய்விடும். அதனால் கடன் வாங்கும்போதே, இந்த வட்டி இன்னும் 2.5 சதவீதம் ஏறினால் என்னால் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். 2022 இல் அது நம் கண்ணெதிரே நடந்தது.

வங்கி தனக்கு வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு வேறு. வீட்டின் மதிப்பு முழுவதற்கும் கடன் தர மாட்டார்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 30 க்கு மேல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. பத்திரச் செலவை இந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள், நீங்கள் வாங்கிய சமயத்தில் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தே 11 சதவீதம், அதைக் கையிலிருந்து போட்டிருப்பீர்கள்.

தவணை விட்டுப்போனால்: ஒன்று இரண்டு மாதத்தில் யாரும் வீட்டுக்குப் பூட்டுப் போட முடியாது. 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கடன் வாராக்கடன் ஆகும், அதற்குப் பிறகுதான் 2002 ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம். அதன்படி நீதிமன்றத்துக்குப் போகாமலே நிறுவனம் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் முதலில் 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்த நோட்டீஸுக்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். 60 நாளும் கடந்தால் சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நமக்குச் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஏலத்துக்கு முன்பும் அறிவிப்பு உண்டு, ஆனால் ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்டுவிட வேண்டும், கடைசி நிமிடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஏலத்தில் பாக்கிக்கும் செலவுக்கும் மேல் வரும் பணம் உங்களுடையது. குறைவாக வந்தால் மீதிக்கும் நீங்கள்தான் பொறுப்பு, வீட்டைக் கொடுத்துவிட்டேன் கடன் தீர்ந்தது என்று ஆகாது.

வேலை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தவுடனே, தவணை விட்டுப்போகும் முன்பே, கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். 90 நாள் ஆவதற்கு முன் கடனைச் சீரமைக்கக் கேட்பவரிடம் பேச நிறுவனத்துக்கும் விருப்பம் இருக்கும், ஏனென்றால் வாராக்கடன் ஆனால் அவர்களும் லாபத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். போன் எடுக்காமல் ஒளிவதுதான் எல்லா வழியையும் அடைத்துவிடும்.

---

காவிரிக்கரை

பதில் வந்துவிட்டது. கட்டணம் கட்டினால் 8.60 வரை குறைக்கலாம் என்கிறார்கள். இங்கே ஒரு பொதுத்துறை வங்கியில் கேட்டேன், வாய்மொழியாக 7.75 சொல்கிறார்கள், ஸ்ப்ரெட் 2.25, கடிதமாகத் தரச் சொல்லியிருக்கிறேன். ஆவணப் பட்டியலுக்கும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று.

---

மதுரைக்காரி

8.60 வேண்டாம் அண்ணா, வங்கிக்கே போங்கள். அங்கே விண்ணப்பத்தில் காலம் என்ற இடத்தில் அவர்களாக 20 வருடம், 25 வருடம் என்று நிரப்பித் தவணையைக் குறைத்துக் காட்டுவார்கள், அதை 193 மாதம் என்று நீங்களே எழுதுங்கள். பழைய நிறுவனத்தில் இந்த மாதத் தவணையையும் நிறுத்தாமல் கட்டிவிடுங்கள், மாறும் நடுவில் ஒரு தவணை தள்ளிப்போனால்கூட சிபிலில் ஏறி புதிய வங்கி ஸ்ப்ரெட்டை மாற்றிச் சொல்லும்.